இழுக்கக் கூடாத அலமாரி

ஒரு அலமாரி வாங்க வேண்டும் என்றால் நாமெல்லாம் என்ன செய்வோம்? கடைக்குப் போவோம், கதவைத் திறந்து மூடிப் பார்ப்போம், பிடித்திருந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவோம். நூலகரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் கிளம்பினார், பாவம். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற தைரியத்தில் அரிசியைக்கூட ஊறப்போட்டுவிட்டுப் போனார். அந்த அரிசி பட்ட பாட்டை இங்கே சொல்லப்போவதில்லை.

அவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை, இன்னமும் எல்லோருக்கும் அவர் நூலகர்தான். அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். அவரும் ஓய்வு பெற்றாயிற்று. ஆனால் கழுத்தில் விசில் மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கிறது, அது எதற்கு என்று கேட்கிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. தெருவுக்கெல்லாம் அவர் டீச்சர், கட்டிய கணவருக்கும் டீச்சர்.

இவர்கள் வீட்டுச் சமையல் மேடைக்குக் கீழே ஓர் அலமாரி உண்டு. கதவு சின்னது, உள்ளே ஆழம் அதிகம். வீட்டில் அதற்குக் குகை என்று பெயர். முன்வரிசையில் இருக்கும் உப்பும் சர்க்கரையும் குனிந்தால் கைக்கு வரும். பின்வரிசையில் இருப்பவற்றை எடுக்க, தரையில் குப்புறப் படுத்து, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டு, டார்ச் அடித்துத் தேட வேண்டும். டீச்சர் இத்தனை வருஷமும் அப்படித்தான் தேடினார், அலட்டிக்கொள்ளவே இல்லை. போன மாதம் அவருக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, ஸ்டூல் பக்கமே போகக் கூடாது.

டீச்சர் மகள் வீட்டில் தங்கிக் கைத்தடியோடு நடை பழகிக்கொண்டிருந்தார். எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று நூலகர் போனில் கேட்டபோதுதான் அந்த நிபந்தனை வந்து விழுந்தது.

"எனக்கு ஒருத்தர்கிட்ட போய்க் கேட்டு நிக்கறதுன்னாலே ஆகாது, தெரியுமில்ல? உப்பு எடுங்க, மாவு எடுங்கன்னு நாள் பூரா உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியாது. யாரையும் கேக்காம நானே எடுத்துக்கற மாதிரி ஒரு வழி பண்ணுங்க, வர்றேன். இல்லைன்னா நான் இங்கயே இருந்துடறேன்."

டீச்சர் சொன்னால் சொன்னதுதான். டீச்சர் இல்லாத வீட்டில் நூலகர் பெரும்பாலும் ரொட்டியும் ஜாமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். பேச ஆளில்லாமல் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். இது இப்படியே போனால் நல்லதுக்கில்லை என்று அவருக்கே தெரிந்தது.

பக்கத்து வீட்டு டாக்ஸி டிரைவர்தான் இழுப்பு அலமாரி என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஒல்லியாக, ஆள் உயரத்துக்கு இருக்குமாம். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் தட்டுகளெல்லாம் சரக்கோடு வெளியே வந்து நிற்குமாம். இந்தப் பக்கம் நின்றும் எடுக்கலாம், அந்தப் பக்கம் நின்றும் எடுக்கலாம், குனிய வேண்டியதே இல்லையாம். கேட்கக் கேட்க நூலகருக்கு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது. எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பெரிய ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது, சமையலறைச் சேமிப்பு உயர் மையம் என்று போர்டு போட்டிருக்கும் என்றார் டிரைவர்.

உயர் மையம் என்ற சொல்லைக் கேட்டதுமே நூலகர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

உள்ளே நுழைந்ததும் செருப்புக்கு மேல் ஒரு துணி உறை மாட்டிவிட்டார்கள். கையில் டோக்கன் கொடுத்தார்கள். பெரிய கூடம், ஜிலுஜிலுவென்று ஏ.சி., நடுவில் ஒரு மேடை. மேடைமேல் விளக்கு வெளிச்சத்தில் தன்னந்தனியாக ஓர் இழுப்பு அலமாரி நின்றது. அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டி, "இழுக்கக் கூடாது" என்று பலகை வைத்திருந்தார்கள். நூலகர் பலகையைப் படிப்பதற்குள் கை கைப்பிடிக்குப் போய்விட்டது. எங்கிருந்தோ ஒரு காவலாளி ஓடிவந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

இழுப்பு அலமாரியை இழுத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று நூலகர் கேட்டார். நியாயமான கேள்விதானே? அதற்குள் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தாள். அவள் ஆலோசகராம். அந்தக் கேள்விக்காக அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஒரு தடவை இழுத்துட்டா அது இழுத்த அலமாரி ஆயிடும் சார். அப்புறம் அதை எப்படிக் காட்சிக்கு வைக்கிறது?"

சரி, இழுக்கவில்லை, இதே மாதிரி ஒன்று வேண்டும், என்ன விலை என்றார் நூலகர். ஆலோசகரின் முகம் சுருங்கிவிட்டது. இங்கே எதுவும் விற்பதில்லை என்றாள். மையம் குடும்பத்தையும் அலமாரியையும் பொருத்தி வைக்கிறதாம். அதற்கு முதலில் அறிமுக வகுப்பு, பிறகு சரக்கு நேர்காணல், பிறகு இழுப்புத் தேர்வு, கடைசியில் இல்ல ஆய்வு. எல்லாம் தேறினால் இயக்குநரே வந்து ரிப்பன் வெட்டித் திறந்து வைப்பார். ரிப்பன் வெட்டியாகிவிட்டால் கோப்பு மூடப்படும், அதன்பின் அலமாரி முழுக்க முழுக்க உங்களுடையது என்றாள்.

அறிமுக வகுப்பு அன்று மதியமே இருந்தது. வகுப்பில் நூலகரைத் தவிர இன்னொரு மாணவர் இருந்தார். அவர் ஒரு பல் மருத்துவர், போன வருஷத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறாராம். முதுநிலை ஆலோசகர் பாடம் எடுத்தார். ஆதி மனிதன் தானியத்தைக் குழி தோண்டிப் புதைத்ததில் தொடங்கி, பானை, பரண், பெட்டி என்று வந்து, மணி அடிக்கும்போது கதவு கண்டுபிடிக்கப்பட்ட இடத்தில் நிறுத்தினார். நூலகர் கையைத் தூக்கி, தன் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கொஞ்சம் அவசரம் என்றார். முதுநிலை ஆலோசகர் அதைக் கேட்டு உருகிப் போனார். அவசரம் என்பதுதான் சேமிப்பின் முதல் எதிரி என்று கரும்பலகையில் எழுதி, எல்லோரையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். பல் மருத்துவர் குறித்துக்கொண்டார்.

அடுத்தது சரக்கு நேர்காணல். அலமாரிக்குள் குடியேறப்போகிற ஒவ்வொரு பொருளும் நேரில் ஆஜராக வேண்டும். படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதாதா என்று நூலகர் கெஞ்சிப் பார்த்தார். படத்தில் குணம் தெரியாது என்றுவிட்டார்கள்.

எனவே நூலகர் வீட்டுக்கு வந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குகைக்குள் இறங்கினார். டப்பாக்கள், ஜாடிகள், பாட்டில்கள், பொட்டலங்கள் என்று வந்துகொண்டே இருந்தன. சமையலறைத் தரையில் கால் வைக்க இடமில்லை. இத்தனையையும் எதில் தூக்கிக்கொண்டு போவது? அப்போதுதான் அவருக்கு பால்கனியில் நின்ற தள்ளுவண்டி நினைவுக்கு வந்தது.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூலகத்தில் புத்தகங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்த வண்டி. இடுப்பு உயரம், இரண்டு பக்கமும் சாய்வான தட்டுகள், மேலே ஒரு சமதளம், கீழே சக்கரங்கள். அதில் ஒரு சக்கரம் மட்டும் கீச்கீச்சென்று கத்தும். புது வண்டி வந்ததும் பழையதைத் தூக்கிப் போட இருந்தார்கள், நூலகர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி வந்தார். டீச்சர் அதைப் பார்த்த அன்றைக்கே, இந்தக் கட்டை என் வீட்டுக்குள் வரக் கூடாது என்று விசில் ஊதிவிட்டார். அன்றுமுதல் அது பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

நூலகர் வண்டியைத் துடைத்து உள்ளே கொண்டுவந்து, சரக்குகளை அடுக்கினார். கை அவர் சொல்லாமலே வேலை செய்தது. அடிக்கடி கேட்கப்படுபவை கண் எதிரே, எப்போதாவது கேட்கப்படுபவை கீழே, கனமானவை நடுவில், ஒவ்வொரு டப்பாவின் முதுகிலும் பெயர் எழுதிய சீட்டு. மேல் தளத்தில் டீத்தூள், சர்க்கரை, பால்பொடி. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனார். வழியெல்லாம் கீச்கீச். வீடு மாறுகிறீர்களா என்று தையற்காரர் கேட்டார். எதிரே வந்த ஒரு பெண்மணி, வியாபாரம் என்று நினைத்துக்கொண்டு, மாவு சலித்ததா சலிக்காததா என்று விசாரித்தார்.

நேர்காணல் அறையில் குழு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு டப்பாவாக மேசைமேல் வைத்து விசாரித்தார்கள். உப்பு எத்தனை நாளாக இந்தக் குடும்பத்தில் இருக்கிறது? மாவுக்கும் சர்க்கரைக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பழக்கம் உண்டா? அடியில் கிடந்த ஒரு டப்பாவைத் திறந்தால் சட்டைப் பொத்தான்கள். இது சமையலில் எப்போது சேர்க்கப்படும் என்று குழுவின் மூத்தவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். டீத்தூளை அன்றாடப் பொருளில் சேர்ப்பதா, உணர்ச்சிப் பொருளில் சேர்ப்பதா என்பதில் குழுவுக்குள் சண்டையே வந்துவிட்டது. ஒருவர் வெளிநடப்பு செய்தார். நூலகரிடம் கருத்துக் கேட்டார்கள். டீச்சர் இல்லாமல் தனியாக டீ போட்டுக் குடிக்கப் பிடிக்கவில்லை என்று அவர் உள்ளதைச் சொன்னார். உணர்ச்சிப் பொருள் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

கிளம்பும்போது முதுநிலை ஆலோசகர் ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டார். நேர்காணல் முடிந்த சரக்குகள் பழைய அலமாரிக்குத் திரும்பக் கூடாது, போனால் பழைய புத்தி ஒட்டிக்கொள்ளும். முடிவு வரும்வரை வண்டியிலேயே, அடுக்கிய வரிசை குலையாமல் இருக்க வேண்டும். கூடவே ஓர் ஊழியர் வந்து குகையின் கதவில் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். நூலகர் வண்டியைச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். டீச்சர் வருவதற்குள் எப்படியாவது இதை மறைத்துவிட வேண்டும் என்ற கவலை அவரை அரிக்க ஆரம்பித்தது.

இழுப்புத் தேர்வு என்றதும், போகட்டும், இன்றைக்காவது ஓர் அலமாரியைத் தொட விடுவார்கள் என்று நம்பிப் போனார். தேர்வு அறையில் அலமாரி இல்லை. சுவரில் ஒரு கைப்பிடி மட்டும் ஆணி அடித்துப் பொருத்தியிருந்தது. இழுங்கள் என்றார்கள்.

"சார், இது சுவத்துல இருக்கு. வராது," என்றார் நூலகர்.

"வராதுன்னு தெரிஞ்சும் நம்பிக்கையோட இழுக்கறீங்களான்னுதான் பாக்கறோம்," என்றார் தேர்வாளர்.

நூலகர் இழுத்தார். மணிக்கட்டில் பதற்றம் தெரிகிறது என்று ஒருவர் குறித்தார். கண் கைப்பிடியில் இருக்கிறதே தவிர, வரப்போகிற அலமாரியில் இல்லை என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். மறுபடி, மறுபடி என்று இழுக்க வைத்தார்கள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, டீச்சர் சமையலறையில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். கைப்பிடி ஆணியோடு கையில் வந்துவிட்டது. இதுவரை யாருக்கும் வந்ததில்லை என்று தேர்வாளர் தழுதழுத்த குரலில் சொல்லி, தேர்ச்சி கொடுத்தார்.

தேறியவரை இயக்குநர் நேரில் பார்த்துப் பாராட்டுவது வழக்கமாம். வழக்கம் என்று சொன்னார்களே தவிர, இயக்குநரின் அறை வாசல் எது என்று மூன்று பேரைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். இயக்குநர் பருத்த உடம்பும் மெல்லிய குரலுமாக, பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து நூலகரின் சட்டையில் ஒரு பட்டையைக் குத்திவிட்டார். அதில் முதன்மை இழுப்பாளர் என்று எழுதியிருந்தது.

அப்படியென்றால் என்ன என்று நூலகர் கேட்டார். வீட்டில் அந்த அலமாரியை இழுக்கும் உரிமை இனி உங்களுக்கு மட்டும்தான் என்றார் இயக்குநர். மனைவி பயன்பெறுபவர் என்ற வகையில் வருகிறார். அவருக்கு என்ன வேண்டுமோ உங்களிடம் கேட்பார், நீங்கள் இழுத்து எடுத்துக் கொடுப்பீர்கள்.

நூலகருக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஐயா, அவள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளத்தான் இந்த அலமாரியே என்று நாக்குழறச் சொன்னார். இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார்.

"கேட்டு வாங்கறதுலதான் சார் ஒழுங்கு இருக்கு. அவங்கவங்களே இழுத்து எடுத்துக்கிட்டா அப்புறம் நாங்க எதுக்கு? இந்த மையத்தைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை, தெரியுமா? ஒண்ணே ஒண்ணு கூட."

"இதுவரைக்கும் எத்தனை வீட்டுக்கு அலமாரி குடுத்திருக்கீங்க?" என்று நூலகர் அப்பாவியாகத்தான் கேட்டார்.

"அதைத்தானே சொல்றேன். புகாருக்கே இடம் குடுக்கலை," என்றார் இயக்குநர்.

நூலகர் பட்டையோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் மகளுடைய கார் நின்றது.

டீச்சர் வந்துவிட்டார். எதையும் கேட்பதற்கு முன்பே மகள் எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து திணிக்கிறாளாம், தண்ணீர் குடிக்க எழுந்தால் தம்ளரோடு எதிரே நிற்கிறாளாம். அது கேட்பதைவிட மோசம் என்று சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, அலமாரி வந்துவிட்டது என்று நீங்கள்தான் போனில் சொன்னீர்களாமே என்றாள். வந்துவிட்டது என்று சொல்லவில்லை, வந்துவிடும் என்றுதான் சொன்னேன் என்று நூலகர் முனகினார். மகள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இந்தச் சண்டையில் நமக்கென்ன வேலை என்று.

டீச்சர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராகச் சமையலறைக்கு நடந்தார். நூலகர் பின்னாலேயே போனார். குகைக்கு அரக்கு முத்திரை, அடுப்புக்குப் பக்கத்தில் வீட்டுக்குள் வரக் கூடாத கட்டை. சட்டையில் பட்டை வேறு. இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டார். நிச்சயம் விசில்தான் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டார்.

டீச்சர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைத்தடியின் வளைந்த பிடியைத் தட்டில் மாட்டித் தன் பக்கம் இழுத்தார். கீச்சென்று வண்டி வந்தது. ஒரு பக்கம் பார்த்தார், வண்டியைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார். ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். பொத்தான் டப்பாவைப் பார்த்ததும், இது இங்கேயா இருந்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். டீத்தூளை எடுத்தார், சர்க்கரையை எடுத்தார், பால்பொடியை எடுத்தார். எதற்கும் குனியவில்லை.

"நான் டீ போடட்டுமா?" என்றார் நூலகர்.

"போய் உக்காருங்க," என்றார் டீச்சர்.

நூலகருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சரின் குரலில் அந்த அதட்டலை அவர் கேட்டதே இல்லை.

இதோடு நம் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் உயர் மையம் ஒன்றைத் தொடங்கினால் முடிக்காமல் விடுமா? மறுநாள் காலையில் இயக்குநர், முதுநிலை ஆலோசகர், இளம் ஆலோசகர் மூவரும் இல்ல ஆய்வுக்கு வந்து இறங்கினார்கள். டீச்சர் குளித்துக்கொண்டிருந்தார். நூலகர் அவர்களைச் சமையலறைக்கு அழைத்துப் போய், வண்டியைக் காட்டி, நீங்கள் சொன்னபடி வரிசை குலையாமல் வைத்திருக்கிறேன், இது போதும், அலமாரி வேண்டாம் என்று தாழ்மையாகச் சொன்னார்.

அவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதுநிலை ஆலோசகர் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். இரண்டு பக்கமும் எடுக்க வழி இருக்கிறது. குனிய வேண்டியதில்லை. நகர்கிறது. அவருக்கு வியர்த்தது. இயக்குநர் கொஞ்சம் தயங்கி, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். கீச்சென்று அது அவரை நோக்கி வந்தது.

"வருதே!" என்றார் இயக்குநர்.

முகமெல்லாம் சிவந்துவிட்டது. தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். இத்தனை வருஷச் சேவையில் தான் ஒன்றைக்கூட இழுத்துப் பார்த்ததில்லை என்று தன்னை மறந்து சொல்லியேவிட்டார். இளம் ஆலோசகர் அதைக் குறிப்பில் எழுதப் போனாள், முதுநிலை ஆலோசகர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். இயக்குநர் சட்டென்று நிதானத்துக்கு வந்து தொண்டையைக் கனைத்தார். இவ்வளவு அருமையான ஒன்றை இப்படிப் புழக்கத்தில் விடக் கூடாது என்று அறிவித்தார். உடனே பையிலிருந்து சிவப்பு ரிப்பன் வந்தது. வண்டியைச் சுற்றிக் கட்டி, முன்னால் முடிச்சும் போட்டாயிற்று. "இழுக்கக் கூடாது" என்ற பலகையையும் தயாராகவே கொண்டுவந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் ஈரத்தலையோடு டீ போட வந்து நின்றார்.

இயக்குநர் பணிவாகக் குனிந்து விளக்கினார். இந்த வண்டி இனி மையத்தின் பாதுகாப்பில் இருக்கும், இறுதி முடிவு வரும்வரை இதை யாரும் தொட முடியாது. பயன்பெறுபவருக்கு எது வேண்டுமானாலும் முதன்மை இழுப்பாளரிடம் கேட்கலாம், அவர் மையத்திடம் கேட்பார்.

"டீச்சர் கேக்க மாட்டாங்க சார்," என்றார் நூலகர்.

இத்தனை நாளில் அவர் அந்த மையத்தாரிடம் அழுத்திச் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான். சொல்லிவிட்டுச் சட்டையிலிருந்த பட்டையைக் கழற்றி இயக்குநரின் கையில் வைத்தார்.

அப்போது விசில் ஊதியது. அந்தச் சின்னச் சமையலறையில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இயக்குநர், முதுநிலை ஆலோசகர், இளம் ஆலோசகர், நூலகர் நால்வரும் உயர வரிசைப்படி சுவரோரமாக நின்றுவிட்டார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியாது. டீச்சர் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொக்கியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்தார், ரிப்பனைக் கச்சக்கென்று வெட்டினார், வண்டியை இழுத்தார், டீத்தூளை எடுத்தார்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? மையத்தார் மூவரும் கைதட்டினார்கள். மையத்தில் புதுப் பிரிவு திறக்கும்போதெல்லாம் ரிப்பன் வெட்டிக் கைதட்டியே பழகிய கைகள், அவர்களைக் கேட்காமலே தட்டிவிட்டன. தட்டிய பிறகுதான் முதுநிலை ஆலோசகருக்கு உறைத்தது. வெளிறிப் போய்க் கையேட்டைப் புரட்டினார். ரிப்பன் வெட்டப்பட்டால் திறப்பு விழா முடிந்தது. திறப்பு விழா முடிந்தால் கோப்பு மூடப்படும். அலமாரி அந்தக் குடும்பத்துக்கு முழு உரிமை. விதி அப்படித்தான் இருக்கிறது, அதில் மாற்ற ஒன்றுமில்லை.

இயக்குநர் யோசித்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. அங்கேயே, அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதே, உரை நிகழ்த்தினார்.

"உயர் மையத்தோட வரலாற்றுல இது பொன்னாள். பல வருஷ ஆய்வுக்கும் அயராத உழைப்புக்கும் அப்புறம் நாங்க முதல் முதலா ஒரு வீட்டுக்குச் சேமிப்பு வசதி செஞ்சு குடுத்திருக்கோம். இந்தத் தள்ளுவண்டியை உருவாக்கின எங்க நிபுணர்களுக்கு நன்றி. சரியான நேரத்துல வெட்டுப்பட்ட அந்தச் சிவப்பு ரிப்பனுக்கும் நன்றி."

வண்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டீச்சரைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள், படத்தில் விழக் கூடாது என்று. பிறகு கைகுலுக்கிவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்கள். அடுத்த வாரம் மையத்துக் கூடத்தின் மேடைமேல் இதே மாதிரி ஒரு தள்ளுவண்டி, ரிப்பனோடும் பலகையோடும் ஏறிவிட்டதாகக் கேள்வி. பல் மருத்துவர் அதற்கான அறிமுக வகுப்பில் சேர்ந்திருக்கிறாராம்.

வெட்டிய ரிப்பனை டீச்சர் வீணாக்கவில்லை. பிஸ்கட் பொட்டலம் நமுத்துப் போகாமல் கட்ட வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நூலகர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் கீச்சென்று சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் பாதி எழுந்தவர், கூப்பிட்டால் போகலாம் என்று அப்படியே காத்து நின்றார். கூப்பிடவில்லை. டப்பா மூடி திறக்கும் சத்தம், கரண்டிச் சத்தம், தண்ணீர் கொதிக்கும் சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்டன. மறுபடி உட்கார்ந்துகொண்டார். நாளைக்கு அந்தச் சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தார், உடனே வேண்டாம் என்றும் நினைத்தார்.

கீச்கீச் சத்தம் நெருங்கி வந்தது. டீச்சர் கைத்தடியை வண்டியில் தொங்கவிட்டு, வண்டியைப் பிடித்தபடி மெல்லத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். மேல் தளத்தில் இரண்டு தம்ளரில் டீ ஆவி பறந்தது. நூலகர் டீ வேண்டும் என்று கேட்கவே இல்லை.